ஆடுவோரின் முறைப்பாடு

கல்லூரி விழா மலர்களில் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் கிரிக்கெட்டையும் உதைபந்தாட்டத்தையும் மெய்வல்லுநர் போட்டியையும் பற்றி எழுதுவதே மரபு. யான் எழுதப் புகும் விளையாட்டு மைதானத்தில் நடைபெறுவதன்று. கைத்தொலைபேசியினுள்ளும் கணினியினுள்ளும் நடைபெறுவது அது. ஆயிரக்கணக்கானோர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாமலே ஒரு கற்பனை நாட்டிற் புகுந்து, வீரனாகவோ மந்திரவாதியாகவோ நோய் தீர்க்கும் துறவியாகவோ வேடம் புனைந்து, அணி சேர்ந்து பொருதும் இணையவழி ஆட்டம் அது. இப்பொருள் விழா மலருக்கு ஏற்றதோ என்று ஐயுறுவோர் தம் பிள்ளை மைதானத்திற் கழிக்கும் நேரத்தையும் இவ்வாட்டங்களிற் கழிக்கும் நேரத்தையும் ஒரு வாரம் குறித்து வைத்துப் பார்ப்பாராக.

சாய்ந்தமருதில் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் முன்றலிலும் பெரியோர் கூடுமிடமெல்லாம் ஒரே பேச்சு: பிள்ளைகள் தொலைபேசியாற் கெட்டுப் போகிறார்கள். எமது ஊருக்குத் தெற்கே அண்மையிலுள்ள காரைதீவிலும் கோயில் வீதியில் இதே பேச்சுத்தான். 2020ஆம் 2021ஆம் ஆண்டுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்திற் படிப்புக்கென்று கையிற் கொடுத்த கருவி, பாடசாலை திறந்த பின்னும் திரும்பி வரவில்லை. பெரியோரின் கவலை பொய்யன்று. ஆயினும் அவர்கள் இவ்வாட்டங்களை முழுவதாக வெறுக்கின்றமையால், அவர்தம் சொல் பிள்ளைகளின் செவியில் ஏறுவதில்லை. வியப்பு யாதெனில், பிள்ளைகளும் இவ்வாட்டங்களின் பல கூறுகளை வெறுக்கிறார்கள் என்பதே. அவர்களிடம் ஒரு முறைப்பாட்டுப் பட்டியலே உண்டு. அது பெரியோரின் பட்டியலினும் கூரியது, உள்ளிருந்து எழுதப்பட்டது. அதனைக் கேட்பாரில்லை.

வேடம் புனைந்து ஆடுதல் கீழ்க் கரையார்க்குப் புதிதன்று. மட்டக்களப்பு வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் அண்ணாவியார் சட்டங் கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை, பகலில் வயலில் நின்றவன் இரவிலே தருமனாகவும் வீமனாகவும் நின்றான். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகளார் நாடகவியலை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதியவர். அடிகளார் இன்றிருந்தால் இவ்வாட்டங்களையும் ஒரு கண் பார்த்திருப்பார் என்றே எண்ணுகிறேன். இணையவழி வேட ஆட்டத்தின் மூதாதை 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்ஷோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் இரு மாணவர் ஆக்கிய 'மட்' என்பது. அதிலே படமில்லை; எழுத்து மட்டுமே. பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆடுவோரை நால்வகையினராக்கிச் சீட்டுக்கட்டின் நான்கு இனங்களுக்கு ஒப்பிட்டார். புள்ளியும் பொருளும் சேர்ப்போர் டைமன். உலகின் மூலை முடுக்குகளைத் தோண்டித் துருவுவோர் இஸ்பேட். நட்புக்காக வருவோர் ஆட்டின். பிறரை அடித்து மகிழ்வோர் கிளாவர்.

இப்பகுப்பை மறந்துவிட்டு முறைப்பாடுகளைக் கேட்டால் தலை சுற்றும். ஒருவன் வெறுப்பதை மற்றவன் விரும்புவான். அடிதடியில்லாத உலகம் கிளாவர்காரனுக்குச் சப்பென்றிருக்கும். அடிதடியுள்ள உலகத்திற்கு ஆட்டின்காரன் வரமாட்டான். 1997இல் வெளிவந்த 'அல்ட்டிமா ஒன்லைன்' இதற்கு நல்ல சான்று. அதன் பரீட்சார்த்த நாட்களிலேயே, 1997 ஓகஸ்டில், ஆட்டத்தை ஆக்கிய ரிச்சர்ட் கேரியட் அரசவேடம் பூண்டு சபை நடத்திக் கொண்டிருக்கையில், ஆடுவோரில் ஒருவன் நெருப்பு மந்திரத்தை ஏவி அவ்வரசனைக் கொன்றுவிட்டான்! அரசனுக்கே இக்கதியென்றால், புதிதாக வந்த ஏழைத் தச்சனின் கதியைக் கூற வேண்டுமோ? வழிப்பறியும் கொலையும் பொறாமற் பலர் வெளியேறவே, 2000ஆம் ஆண்டில் அவ்வுலகத்தை அப்படியே இரட்டித்து, கொலை இயலாத ஒரு பிரதியை உண்டாக்கினார்கள். மக்கள் திரளாக அங்கே குடியேறினர். குடியேறியவருட் சிலரே, பழைய நாட்டின் அச்சமும் அயலவர் துணையும் போயினவே என்று பின்னர் ஏங்கினர்.

முறைப்பாடுகளுள் முதலாவது உழைப்பைப் பற்றியது. ஒரே காட்டுப் பன்றியை நூறுமுறை கொன்று, ஒரே மூலிகையை ஆயிரமுறை பறித்து ஒரு படி உயர வேண்டும். எங்களூர்ப் பையன்கள் இதனைக் 'கிரைண்டிங்' என்பார்கள். 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்' இதில் மகா கொடியது. அதில் இறந்தவன் ஈட்டிய அனுபவப் புள்ளியை இழப்பான். அவன் உடைமைகள் செத்த இடத்திலேயே சவத்தோடு கிடக்கும். வெறுங்கையோடு மறுபிறவி எடுத்து, தன் சவத்தைத் தேடித் தானே ஓட வேண்டும். ஆடினோர் இதனைச் சபித்தார்கள். ஆனால் சவம் மீட்க நள்ளிரவில் உதவிக்கு வந்த முன்பின் அறியாதவன் பல்லாண்டு நண்பனானான் என்று அவர்களே சொல்வார்கள்.

2004 நவம்பரில் வெளிவந்து, 2010இல் 1 கோடியே 20 லட்சம் சந்தாதாரரை எட்டிய 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்' இம்முறைப்பாடுகளையெல்லாம் செவிமடுத்துத் துன்பங்களை ஒவ்வொன்றாகக் களைந்தது. துணை தேடி நகரத்து நாற்சந்தியிற் கூவும் துன்பத்தை 2009 டிசம்பரிற் களைந்தார்கள்: பொத்தானை அழுத்தினால் யந்திரமே ஐவரைச் சேர்த்துக் குகை வாயிலிற் கொண்டு விடும். நேரம் மிச்சமாயிற்று. ஆனால் அந்த ஐவரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தையும் பேசாமற் போரை முடித்துப் பிரிந்தனர். விரைவில் முறைப்பாடு மாறியது: இங்கே மனிதர் இல்லை, பழைய ஆட்டத்தைத் தாருங்கள் என்றனர். 2013இல் நடந்த கூட்டமொன்றில் இதனைக் கேட்டவருக்கு, நீர் அதனை விரும்புவதாக எண்ணுகிறீர், உண்மையில் விரும்பமாட்டீர் என்னும் பொருள்பட நிறுவனத்தார் ஒருவர் விடையிறுத்தார். 2019 ஓகஸ்டில் அதே நிறுவனம் பழைய ஆட்டத்தைப் பழைய துன்பங்களுடன் வெளியிட்டபோது, புகுவதற்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

ஆதலால் உழைப்பு, இழப்பு, காத்திருத்தல், பிறர் தயவு என்னும் நான்கையும் குறைகளென யான் கொள்ளேன். கூத்துக்கு மாதக்கணக்கிற் பழகியவனும் கால் வலிக்குது என்றுதான் சொன்னான். நம் பகுதியின் கொம்பு விளையாட்டைப் பாருங்கள். வடசேரி, தென்சேரி எனப் பிறப்பாலேயே கட்சி பிரிந்து, கொம்பொடு கொம்பு கொளுவி இழுத்து, ஒன்று முறிந்தால் தோற்றவர் நின்று வசைப் பாட்டுக் கேட்க வேண்டும். கட்சி மாற வழியில்லை. வசையினின்று தப்ப வழியில்லை. இக்காலப் பையனிடம் இதனை ஓர் ஆட்டமென விற்றால் அன்றே அழித்துவிடுவான். ஆனால் கொம்பு விளையாட்டில் எவரும் காசு கொடுத்து முறியாத கொம்பு வாங்கியதில்லை.

இனி, வணிகன் புகுத்திய கூறுகளுக்கு வருவோம். ஆடுவோர் அனைவரும், நால்வகையினரும், ஒருமித்து வெறுப்பது இவற்றையே. காசு கொடுத்தவன் வெல்லும் ஏற்பாடு ஒன்று. காசு கொடுத்தாலும் யாது கிடைக்குமெனத் தெரியாத அதிர்ஷ்டப் பெட்டி மற்றொன்று.

தென் கொரியாவின் 'மேப்பிள் ஸ்டோரி' என்னும் ஆட்டத்தின் வரலாறு, சகுனியின் காய் இன்னும் உருள்கிறதென்பதைக் காட்டும். அதில் 'கியூப்' என்றொரு பொருள் 2010இல் விற்பனைக்கு வந்தது. அதனைப் பயன்படுத்தினால் ஆயுதத்தின் மறைந்த ஆற்றல்கள் மாறி அமையும். எவ்வாறு அமையுமென்பது அதிர்ஷ்டம். ஆடுவோர் பெரிதும் விரும்பிய ஆற்றல்கள் கிடைக்கும் வாய்ப்பை, வெளியிட்ட நெக்ஸன் நிறுவனம் அதே ஆண்டிலேயே அறிவியாமற் குறைத்தது. 2011 முதல் சில சிறந்த சேர்க்கைகள் கிடைக்கும் வாய்ப்பைச் சுத்த சூனியமாக்கியது. நூற்றுக்கு ஒன்றன்று, லட்சத்துக்கு ஒன்றன்று, பூச்சியம். வராத ஒன்றுக்காக மக்கள் பத்தாண்டு காலம் காசு கொட்டினர். 2021இல் ஆடுவோர் கொதித்தெழுந்த பின்னரே உண்மை வெளியாயிற்று. 2024 ஜனவரியில் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணைக்குழு சுமார் 1,160 கோடி வொன் தண்டம் விதித்தது. வாய்ப்பு விகிதங்களை வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமென்னும் சட்டமும் அவ்வாண்டு மார்ச்சில் அங்கே நடைமுறைக்கு வந்தது. சகுனியின் சபையில் தருமனுக்கு எதிரே ஆடுபவனின் முகமாவது தெரிந்தது.

பெல்ஜிய நாட்டின் சூதாட்ட ஆணைக்குழு 2018 ஏப்ரலிலேயே, சில ஆட்டங்களின் இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என முடிவு செய்தது. ஐக்கிய அமெரிக்காவில் 'கென்ஷின் இம்பாக்ட்' ஆட்டத்தின் நிறுவனம் 2025 ஜனவரியில் 2 கோடி டொலர் செலுத்தவும், பெற்றோர் இசைவின்றிப் பதினாறு வயதுக்குட்பட்டோர்க்குப் பெட்டி விற்பதை நிறுத்தவும் உடன்பட்டது. சூது ஹராமென்று எங்கள் மத்ரஸாவிற் கற்பித்தார்கள். வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே வைத்தார் என்று இந்துக் கல்லூரியிற் கற்பித்தார்கள். இரண்டு வகுப்பிலும் அமர்ந்திருந்த எங்களுள் எவருக்கும், வண்ணப் படமாய்ப் பொன்னொளி சிந்தித் திறக்கும் ஒரு பெட்டியைக் கண்டவுடன் 'இதுதான் அது' என்று தோன்றுவதில்லை. மௌலவிமார்க்கும் தமிழாசிரியர்க்கும் இதனைப் பணிவுடன் அறிவிக்கிறேன்: பழைய பாடத்துக்குப் புதிய உதாரணம் ஆயத்தமாக இருக்கிறது.

மாதச் சந்தா ஒப்புநோக்க நேர்மையானது. கொடுப்பதும் பெறுவதும் தெரியும். ஆயினும் அது டொலரில் விதிக்கப்படுகையில் இலங்கையில் வாழ்பவன் கதி வேறு. வோர்கிராஃப்ட்டின் அமெரிக்கச் சந்தா மாதம் 14.99 டொலர். 2022இன் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அப்போது அது 3,000 ரூபாவுக்குள் அடங்கியது. சில மாதங்களில் டொலர் 360 ரூபாவைத் தொட, அதே சந்தா 5,400 ரூபாவாயிற்று. சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்ற நாளில் எந்தத் தந்தை அதனைக் கொடுப்பார்? அதனால் எங்களூர்ப் பையன்கள் 'இலவசம்' என்று பலகை தொங்கும் ஆட்டங்களுக்கே போகிறார்கள். பெரும்பாலும் துப்பாக்கி ஆட்டங்கள். ஆயினும் படிநிலை, ஆடை அணி, அதிர்ஷ்டப் பெட்டி என்னும் வேட ஆட்டத்தின் உறுப்புகள் யாவும் அவற்றுட் புகுந்துவிட்டன. கடன் அட்டை இல்லாத பையன் ரீலோட் காசால் நூறு நூறாக வாங்குகிறான். நூறு ரூபாவைத் தந்தை கவனிப்பதில்லை.

நாள்தோறும் வருகை தரவேண்டுமென்னும் கூறு இன்னொன்று. முப்பது நாள் இடைவிடாது வந்தால் முப்பதாம் நாளிற் பெரும் பரிசு. ஒருநாள் தவறினாற் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு. மின்சாரம் வருவது நள்ளிரவென்றால் நள்ளிரவில் எழுந்து, புள்ளி விழுந்தபின் உறங்கிய பிள்ளைகள் உண்டு. இது விளையாட்டா? எந்த விளையாட்டு ஆசிரியரும் மைதானத்துக்கு வராத மாணவனின் பழைய ஓட்டங்களைக் கழித்ததாக யான் அறியேன். நோன்பு மாதத்திலும் பரீட்சை மாதத்திலும் அவ்வருகைப் பதிவேடு சளைப்பதில்லை. ஆடுவதில் இன்பம் தீர்ந்த பின்னும் இழக்க அஞ்சி ஆடும் நிலைக்கு இதுவே காரணம். பையன்களே இதனை 'வேலைக்குப் போறது' என்று சலித்துக் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். ஊதியம் இல்லாத வேலை.

'லேக் அடிக்குது' என்பது எங்கள் கரைக்கே உரிய புலம்பல். கைவிரல் அசைவுக்கும் திரையில் வாள் அசைவுக்கும் இடையே தோன்றும் தாமதம் அது. இத்திசைக்கென அமைந்த ஆட்டங்களிற் பலவற்றின் சேவைக் கணினிகள் இருப்பது சிங்கப்பூரில். சாய்ந்தமருதுக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால், நேரே கடலுக்கப்பால் அந்தத் திசைதான். ஆனால் இலங்கைக்கு வரும் கடலடிக் கம்பிகள் மாத்தறை, கல்கிசை, கொழும்பு என்று தெற்கிலும் மேற்கிலும் கரையேறுகின்றன. ஆகவே எங்களூர்ப் பையனின் வாள்வீச்சு முதலில் மேற்கே நாட்டைக் குறுக்கறுத்துச் சென்று, கடலில் இறங்கி, தீவைச் சுற்றிக் கிழக்கே போய், அதே வழியில் மீள வேண்டும். ஒளி கண்ணாடி இழையில் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடினும், சுற்று வழியும் இடைச் சந்திகளும் தம் வரியை அறவிடாமல் விடுவதில்லை. சிங்கப்பூர்ப் பையன் அடித்து முடித்த பின்னரே எங்களவன் ஓங்குவான். இதற்கு ஆட்டக்காரரை நோவதிற் பயனில்லை; கொழும்பை மையமாகக் கொண்ட எல்லா ஏற்பாடுகளுக்கும் இது பொருந்தும்.

உடன் ஆடுவோரின் வாய்க் கொழுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முகம் தெரியாத இடத்தில் நாக்கு நீளும். பெண் பிள்ளைகள் ஆண் பெயர் புனைந்து ஆடுவதும், ஒலிவாங்கியை மூடி வைப்பதும் இதனாலேயே. கொம்பு விளையாட்டின் வசைக்குக்கூட ஓர் இராகமும் எல்லையும் இருந்தன. மறுநாள் அதே மனிதனிடம் முகம் கொடுத்து உப்பு வாங்க வேண்டியிருந்தது.

முறைப்பாடுகளுள் யான் பெரிதென மதிப்பது கடைசியானது; பையன்கள் இதனைப் பெயரிட்டுச் சொல்வதில்லை. தாம் வாழும் உலகத்தின் விதியை வேறெவரோ ஒரே இரவில் மாற்றுகிறார்கள் என்பது அது. நேற்று வரை பயனுள்ள வில் இன்று காலையிற் பயனற்றதாகிறது. சில வேளை உலகமே மூடப்படுகிறது. 'ஸ்டார் வோர்ஸ் கலக்ஸீஸ்' 2005 நவம்பரில் அடியோடு மாற்றியமைக்கப்பட்டது. நெடுநாள் உழைத்துத் தச்சராகவும் தையற்காரராகவும் வாழ்ந்தோர் தம் தொழில் தலைகீழாகக் கண்டனர். 2011 டிசம்பரில் அவ்வுலகமே அணைக்கப்பட்டது. 'சிட்டி ஒவ் ஹீரோஸ்' 2012 நவம்பர் 30இல் மூடப்பட்டது. 'த குரூ' என்னும் காரோட்ட ஆட்டம் 2024 மார்ச் 31இல் மூடப்பட்டதும், விலை கொடுத்து வாங்கியவரும் அதனைத் திறக்க இயலாதவராயினர். அதன் பின்னெழுந்த இயக்கம் ஐரோப்பாவிற் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பங்களைத் திரட்டியிருக்கிறது. எங்களூரார்க்கு இவ்வுணர்வை விளக்க வேண்டியதில்லை. 2020 பெப்ரவரியில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட சாய்ந்தமருது நகரசபை சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டதைக் கண்டவர்கள் நாம். (கல்முனை நண்பர்கள் இதற்கு வேறு விளக்கம் கூறுவர், அது மற்றொரு மலருக்கு.)

இதற்கு மாறாக ஓர் உதாரணம் உண்டு. 2001 முதல் நடக்கும் 'ரூன்ஸ்கேப்' என்னும் ஆங்கிலேய ஆட்டத்தில், காசுக்குப் பொன் விற்கும் கள்ளச் சந்தையை ஒழிக்கவென 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலுமாக வனப்போரையும் சுதந்திர வர்த்தகத்தையும் நிறுத்தினார்கள். ஆடுவோர் வெகுண்டனர். வாக்கெடுப்பு நடத்தி 2011இல் இரண்டையும் மீட்டுக் கொடுத்தனர். 2013இல் மீண்டும் வாக்கெடுத்து 2007ஆம் ஆண்டின் ஆட்டத்தைத் தனியாகத் திறந்தனர். அதிற் புதிய கூறெதனையும் சேர்க்க ஆடுவோரில் நூற்றுக்கு 75 பேரின் ஆதரவு வேண்டுமென விதித்தனர். 2022இல் அது 70 ஆயிற்று. எத்தனையோ புதுமைகள் இவ்வாக்கில் தோற்றிருக்கின்றன. எனினும் அவ்வாட்டம் இன்றும் செழித்திருக்கிறது. தம் உலகத்தின் விதியைப் பற்றி வாக்களிக்கப் பழகிய பதினாறு வயதுப் பிள்ளையை வீணன் என்று எளிதிற் சொல்ல எனக்கு நா எழவில்லை.

தொலைபேசியைப் பறிப்பதும் எரிப்பதும் வீடுகளிற் செய்து பார்த்துத் தோற்ற வைத்தியம். பழைய மாணவர் சங்கத்தாரிடமும் ஆசிரியரிடமும் யான் கேட்பது இரண்டே. கணித ஆசிரியர் நிகழ்தகவு கற்பிக்கையில், நாணயத்தையும் பகடையையும் சற்று ஒதுக்கி, கென்ஷின் அறிவித்த விகிதத்தைக் கரும்பலகையில் எழுதட்டும்: ஒரு முறை இழுத்தால் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 0.6. ஐம்பது முறை இழுத்தவனுக்கு ஒன்றும் கிடையாமற் போகும் வாய்ப்பு எவ்வளவு? விடை நூற்றுக்கு 74 அளவில் வரும். நால்வரில் மூவர் வெறுங்கையோடு எழுவர். அக்கணக்கைத் தன் கையாற் செய்த பையன் அடுத்த ரீலோட்டுக்கு முன் சற்றே நின்று பார்ப்பான்.

மற்றது, அடுத்த தவணையில் மாணவர் மன்றம் இதனையே விவாதப் பொருளாக எடுக்கட்டும். 'தொலைபேசி விளையாட்டு நன்றா தீதா' என்னும் புளித்த தலைப்பு வேண்டாம். ஓர் ஆட்டத்திலிருந்து எந்தக் கூற்றை நீக்கலாம், எதனை நீக்கலாகாது என்று ஆடுவோரே எழுந்து வாதிடட்டும். நடுவராகப் பெரியோர் இருக்கலாம். ஆனால் ஒரு மாதமாவது ஏதேனும் ஓர் ஆட்டத்தை ஆடிப் பார்த்த பெரியோராக இருத்தல் வேண்டும். மன்றச் செயலாளர் இசைவாராயின், எங்களூர்ப் பிள்ளைகளின் முறைப்பாட்டுப் பட்டியலை முதல் ஆவணமாகச் சமர்ப்பிக்க யான் ஆயத்தமாயிருக்கிறேன்.